நம்ம கடை என்று ஒரு சரக்கு

தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கும்போதே வாட்சாப்பில் அந்த வாசகம் வந்து விழத் தொடங்கிவிடும். 'நம்ம ஆளு கடையிலேயே வாங்குவோம்.' அனுப்புவது புடவைக் கடையா, பலகாரக் கடையா, பூமாலைக் கடையா என்பது முக்கியமில்லை. படம் ஒன்றுதான். ஒரு குத்துவிளக்கு, பக்கத்தில் தோகை விரித்த மயில், நடுவில் '70 விழுக்காடு வரை விலைக் கழிவு'. எந்தத் துணிக்குக் கழிவு, கழித்த பிறகு என்ன விலை, கொஞ்சம் உடம்பு போட்டவர்களுக்கு அளவு கிடைக்குமா, கடை எத்தனை மணிவரை திறந்திருக்கும்? ஒரு தகவலும் இருக்காது. நானும் தமிழன், நீயும் தமிழன், ஆகவே கிளம்பி வா. சொல்ல வந்தது அவ்வளவுதான்.

பண்டிகைக் கால விற்பனை உத்திகளிலேயே ஆகச் சோம்பேறித்தனமானது இது. சோம்பேறித்தனத்தோடு நின்றால்கூடப் பரவாயில்லை. இது முதலில் சாய்ப்பது அந்தச் சின்னக் கடைக்காரரைத்தான்.

கடைக்காரர்களைக் கிண்டலடிப்பது சுலபம். அதற்காக இதை எழுதவில்லை. ஒரு புடவைக் கடைக்கு ஆண்டு வியாபாரத்தின் பெரும்பங்கு இந்த ஆறு வாரத்தில்தான் நடந்தாக வேண்டும். சூரத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் சரக்கு கடனுக்கு வந்து இறங்கியிருக்கும். கூடுதலாக நாலு பேரை வேலைக்குச் சேர்த்திருப்பார். தீபாவளிக்கு விற்காத லெஹங்காவை ஜனவரியில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பொங்கலுக்கு நம் சனம் வாங்குவது பானையும் கரும்பும்தான். ஒரு பருவம் சறுக்கினால் அடுத்த பருவத்தில் அந்தக் கடை இருக்குமா என்பதே சந்தேகம். இப்படிக் கழுத்துவரை தண்ணீரில் நிற்கிற மனிதருக்கு 'உணர்வைத் தொடுங்க சார், பொருளைப் பத்திப் பேசாதீங்க' என்று பாடம் எடுக்கிறார்கள் பாருங்கள், அவர்கள்மீதுதான் எனக்குக் கோபம்.

இந்த 'உணர்வைத் தொடுதல்' எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். யாஸ்மின் அகமது பெட்ரோனாஸுக்காக எடுத்த பெருநாள் விளம்பரங்கள் இந்த நாட்டில் ஒரு தலைமுறையையே அழவைத்தவை. அவர் 2009இல் இறந்தார். அவருக்குப் பிறகு வங்கி, தொலைபேசி நிறுவனம், மின்சார வாரியம் என்று எல்லாரும் அந்தப் பாணியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அது பொருந்தும். பெட்ரோல் விலையை விளம்பரத்தில் சொல்லி யாரையும் இழுக்க வேண்டியதில்லை. எந்த நிலையத்தில் ஊற்றினாலும் வண்டி ஓடும். ஆகவே மனசில் ஓர் ஓரமாகப் பெயர் ஒட்டிக்கொண்டால் போதும் அவர்களுக்கு.

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் இருபதடி அகலக் கடை வைத்திருப்பவருக்கும் அதுவே பொருந்துமா? ஆனால் அவரும் மூன்று நிமிடக் காணொளி எடுக்கிறார். தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் அம்மா. முறுக்கு பிழிகிறாள். கோலாலம்பூரிலிருக்கும் மகன் 'இந்த வருசம் வர முடியாதும்மா' என்கிறான். வயலின். ராத்திரி கதவு தட்டப்படுகிறது. மகன், கையில் ஒரு பை, பையில் புடவை. அம்மா அழுகிறாள், மகன் அழுகிறான், பார்க்கிற நாமும் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். எல்லாம் சரி, அந்தப் புடவை என்ன விலை?

இந்த வசனத்தையெல்லாம் எழுதிக் கொடுப்பது யார் என்று வெளியே தேட வேண்டாம். கதை எழுதுகிறோம், கவிதை எழுதுகிறோம் என்று இந்தப் பக்கங்களுக்கு வருகிறவர்களில் பலர் பகலில் செய்யும் வேலை இதுதான். தவறில்லை, சோறு வேண்டும். ஆனால் நம் கதைகளில் இருந்தால் 'தேய்ந்து போனது' என்று நாமே வெட்டிவிடக்கூடிய அதே தோட்டத்து அம்மாவைக் காசுக்கு எழுதும்போது மட்டும் தயங்காமல் அழவைக்கிறோம்.

'நம்ம' என்ற சொல்லுக்கு இந்த மண்ணில் ஒரு காலத்தில் கனம் இருந்தது. தோட்டத்துக் கடைக்காரர் 555 நோட்டில் கணக்கெழுதிக்கொண்டு அரிசி கொடுத்தார். தீபாவளிக்கு முன்னால் சைக்கிளில் துணிமூட்டை கட்டிக்கொண்டு வந்தவர், 'சம்பளம் போட்டதும் குடுங்க' என்று பிள்ளைகளுக்குச் சட்டைத்துணி கிழித்துக் கொடுத்தார். இதைப் பொற்காலம் என்று பாட நான் தயாரில்லை. அந்த நோட்டில் கணக்கு எத்தனை முறை கூடியது என்பதற்குத் தோட்டத்துப் பாட்டிகளிடம் வேறு கதைகள் இருக்கும். படிக்கத் தெரியாதவர்களிடம் பென்சில் எதையும் எழுதலாம். ஆனாலும் அந்த 'நம்ம'வில் ஒரு கொடுக்கல் வாங்கல் இருந்தது. கையில் காசில்லாத நாளில் பொருள் கிடைத்தது. எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, யாருக்குக் கல்யாணம், எந்த வீட்டில் இந்த வருசம் துக்கம், தீபாவளி இல்லை என்பதெல்லாம் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு அந்தச் சொல்லில் என்ன இருக்கிறது? கடன் கிடையாது, பெயர் தெரியாது, வாங்கியதை மாற்றிக் கேட்டால் 'ரசீதுல பாருங்க' என்று ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு வரியைக் காட்டுகிறார்கள்.

இதில் அரசுக்கும் பங்குண்டு. பிரிக்பீல்ட்ஸை 'லிட்டில் இந்தியா' என்று 2010 அக்டோபர் 27ஆம் தேதி திறந்து வைத்தார்கள். மன்மோகன் சிங்கும் நஜிப்பும் வந்தார்கள். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 5. சரியாக விற்பனை உச்சத்தில் இருக்கும் வாரம். வளைவும் வண்ணமும் வந்த பிறகு, அங்கே பல்லாண்டுகளாகக் கடை வைத்திருந்தவர்கள் புலம்பியது வண்டி நிறுத்த இடமில்லை என்றுதான். அலங்காரம் நம்முடையது, வாடிக்கையாளர் இறங்க இடமில்லை. 'நம்ம ஆளு கடை' என்ற வாசகமும் அந்த வளைவு மாதிரிதான்.

ஒவ்வோர் ஆண்டும் வரும் இன்னொரு சண்டையையும் சொல்லியாக வேண்டும். பெரிய மண்டபங்களில் தீபாவளிக் கண்காட்சி போடுகிறார்கள். இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வியாபாரிகள் வந்து சில நாள் விற்றுவிட்டுப் போகிறார்கள். உள்ளூர்க் கடைக்காரர்கள் பத்திரிகையாளர் கூட்டம் வைத்து முறையிடுகிறார்கள். அந்த முறையீட்டில் பாதி நியாயம் இருக்கிறது. பன்னிரண்டு மாதமும் வாடகை, உரிமம், வரி என்று கட்டுகிறவரும் பெட்டியோடு வந்து பெட்டியோடு போகிறவரும் ஒன்றில்லை. அதை அமலாக்கத்துறையிடம், நகராண்மைக் கழகத்திடம் கேட்க வேண்டும், கேட்கட்டும். மிச்சப் பாதியில்தான் எனக்குச் சிக்கல். அங்கே போய் வாங்குகிறவர்களை இனத்துரோகி என்கிற தொனி. மாதக் கடைசியில் மூன்று பிள்ளைகளுக்குத் துணி எடுக்க வேண்டிய ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி இருபது வெள்ளி மிச்சமாகும் இடத்துக்குத்தான் போவாள். அவளுக்குப் போய் இனப்பற்று வகுப்பு எடுப்பதா? அதுவும் இரண்டு பேரும் விற்பது அதே சூரத்துத் துணியை.

சரி, 'நம்ம ஆளு' என்றால் கடைக்குள் நிற்கும் பெண் யார்? தீபாவளிக்கு முந்தின வாரம் காலை பத்து மணிக்கு வந்தவள் இரவு பதினொன்றுக்குக் கதவிறக்கும்வரை நிற்கிறாள். உட்கார நாற்காலி இல்லாத கடைகள் எத்தனையோ. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியானது. ஐந்து பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் முதலாளிகளுக்கு ஆகஸ்ட்வரை அவகாசமும் கிடைத்தது. அதைப் பற்றிப் பேச்செடுத்தால் 'நாங்க குடும்பம் மாதிரி' என்று பதில் வரும். வாடிக்கையாளரிடம் இனம், தொழிலாளியிடம் குடும்பம். இரண்டு இடத்திலும் காசு பேச வேண்டிய நேரத்தில் பாசம் பேசுகிறார்கள்.

இத்தனைக்கும் சின்னக் கடைக்குச் சொல்லிக்கொள்ள நிறைய உண்டு. 2023ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 12. ஷோப்பியும் லசாடாவும் வருடத்திலேயே பெரிதாகக் கூவி விற்கும் நாள் 11.11. அதாவது தீபாவளிக்கு முதல் நாள். அன்றைக்கு ஆர்டர் போட்ட சட்டை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நேரத்துக்குள் வீட்டுக்கு வரப்போவதில்லை. அந்தப் பெரிய வண்டி தன் காலண்டருக்குத்தான் ஓடும், நம் பஞ்சாங்கத்துக்கு ஓடாது. அந்த ஒரு ராத்திரி, தெருவில் விளக்கெரிகிற கடையால் மட்டுமே கையில் பொருளைக் கொடுக்க முடியும். 'இப்ப வாங்க, இப்பவே போட்டுப் பாருங்க, கால் நீளமா இருந்தா அரை மணி நேரத்துல மடிச்சுத் தைச்சுத் தர்றோம், பதினோரு மணி வரைக்கும் தையல்காரர் இருப்பார்.' இதைவிடப் பெரிய விளம்பரம் வேண்டுமா? அந்த ஆண்டு என் கைப்பேசிக்கு வந்ததென்னவோ குத்துவிளக்கும் மயிலும்தான்.

எனக்குத் தெரிந்த தையல் அக்கா ஒருவர் இருக்கிறார். மார்க்கெட்டிங் பட்டறைக்கெல்லாம் போனதில்லை. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால் கதவில் ஓர் அட்டையை மாட்டிவிடுவார். கையெழுத்துதான். 'ரவிக்கை 1ஆம் தேதிக்குள் குடுத்தா தீபாவளிக்கு ரெண்டு நாள் முன்ன கட்டாயம் கிடைக்கும். கிடைக்கலன்னா கூலி வேணாம். அதுக்கு மேல குடுத்தா வாங்க மாட்டேன், கோவிச்சுக்காதீங்க.' தேதி இருக்கிறது, உறுதி இருக்கிறது, உறுதி தவறினால் யாருக்கு நட்டம் என்பதும் இருக்கிறது. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி தைத்து முடியாத ரவிக்கைக்காகத் தையற்கடை வாசலில் நின்றிருக்கும் எந்தப் பெண்ணுக்கும் அந்த அட்டையின் அருமை புரியும். தமிழன், பண்பாடு, பாரம்பரியம் எதுவும் அதில் இல்லை. கூட்டம் தாங்கவில்லை.

பலகாரம் செய்து விற்கும் அக்காமார்களும் இப்படி எழுதலாம். எந்தத் தேதியில் சுட்டது, டப்பாவில் எத்தனை கிராம், நெய்யா டால்டாவா, எண்ணெய் எத்தனை முறை மாற்றினார்கள். 'பாட்டியின் கைமணம்' என்று ஒட்டுவதைவிட 'வியாழக்கிழமை சுட்டது' என்று ஒட்டினால் நான் இரண்டு டப்பா கூடுதலாக வாங்குவேன்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. கடைப் பதாகைகளில் தமிழ் எந்த நிலையில் தொங்குகிறது என்று பார்க்கிறோம். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். தமிழ் எழுத்தைச் சேர்த்துக் காட்டாத மென்பொருளில் தமிழ் தெரியாத வடிவமைப்பாளர் ஒட்டியது. அச்சடிப்பதற்கு முன்னால் ஒரு தடவை வாசித்துப் பார்க்கக்கூட ஆள் வைப்பதில்லை. தமிழனாக வந்து வாங்கு என்று அழைக்கும் பதாகையில் தமிழே உடைந்து கிடக்கிறது! நாமோ பக்கத்தில் நின்று 'வாழ்த்துகளா, வாழ்த்துக்களா' என்று அடித்துக்கொள்கிறோம். அந்தச் சண்டையில் எனக்கும் ஒரு கட்சி உண்டு, இப்போது வேண்டாம். எழுதத் தெரிந்த ஒருவர் பக்கத்துக் கடைக்குப் போய், 'அண்ணே, விலைப் பலகையை நான் எழுதித் தர்றேன். எந்தப் புடவை என்ன விலை, எத்தனை நாளைக்குள்ள மாத்தலாம், எல்லாத்தையும் தமிழ்ல தெளிவா போடுவோம்' என்று கேட்டால் அது அந்த மூன்று நிமிடக் காணொளியைவிடக் கடினமான எழுத்து வேலை. பொய் சொல்ல இடமில்லாத எழுத்து.

ஆனால் நம்மால் அது முடியுமா என்றே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஏனென்றால் நாம் புத்தகம் விற்கும் முறையும் இதேதான். நூல் வெளியீடு என்று மண்டபம் பிடிப்போம். முதல் நூலை ஒரு டத்தோ பெற்றுக்கொள்வார், உறையில் அன்பளிப்பு கொடுப்பார், படம் எடுத்துக்கொள்வார். அவர் அதைப் பிரித்துப் பார்ப்பாரா என்று யாரும் கேட்பதில்லை. பிறகு வரிசை. பெயர் கூப்பிடக் கூப்பிட மேடையேறி உறை கொடுப்பார்கள். ஒலிபெருக்கியில் 'தமிழை வாழவைக்க ஒரு புத்தகம் வாங்குங்கள்' என்பார்கள். நாவல் எதைப் பற்றியது, எத்தனை பக்கம், யாருக்குப் பிடிக்கும், ஏன் இதை இந்தத் தீபாவளி விடுமுறையில் படிக்கலாம் என்று ஒருவரும் சொல்வதில்லை. இந்த ஆண்டு எனக்கு வந்த வெளியீட்டு அழைப்பிதழ்களை எடுத்துப் பார்த்தேன். குத்துவிளக்கு இருக்கிறது. இரண்டில் மயிலும் இருக்கிறது. நூலின் விலை எதிலும் இல்லை.