எண்ணெய் இடுவது யார் வேலை?

நம் பல்கலைக்கழகப் பணிமனையில் மில்லிங் இயந்திரம் ஒன்று உண்டு. ஆராய்ச்சி செய்யும் நம் சங்க நண்பர்கள் பலரும் ஒருமுறையேனும் அதனிடம் சென்றிருப்பர். வேலை முடிந்ததும் நாம் செய்வது என்ன? வெட்டிய பொருளை எடுத்துக்கொள்கிறோம், கையைக் கழுவுகிறோம், தேநீர்க் கடைக்குப் புறப்படுகிறோம். மேசைமேல் குவிந்த சீவல்களை அள்ளுவதும், துடைப்பதும், எண்ணெய் இடுவதும் உதவியாளரின் வேலை என்பது நம் எண்ணம். அது தவறு என்பதை நான் பட்டு அறிந்தேன்.

சென்ற பருவத்தில் வெற்றிடக் கலம் ஒன்றுக்கு அலுமினிய மூடி செய்தேன். ரப்பர் வளையம் அமரவேண்டிய பள்ளத்தையும் நானே வெட்டினேன். பொருத்திப் பார்த்தால் உள்ளே காற்றுப் புகுந்துகொண்டே இருந்தது. ஹீலியம் கொண்டு ஒரு வாரம் கசிவைத் தேடினேன். வளையத்தைச் சந்தேகித்தேன், பம்பைச் சந்தேகித்தேன், என்னைமட்டும் சந்தேகிக்கவில்லை. கடைசியில் பணிமனையின் முதிய மிஸ்திரி மூடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பள்ளத்தின் அடியில், குறுக்கே, மெல்லிய படிகள். “மேசை குதித்திருக்கிறது” என்றார். மேசை ஊரும் தடத்தின் முனையிலிருந்த துடைப்பானைக் கழற்றினார். அதனுள் ஊசி ஊசியாய்ச் சீவல்கள்! தடமோ வறண்டு கிடந்தது. சீவல்களை அங்கே அனுப்பியவன் நான்தான். முந்திய வாரம், சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று, அழுத்தக் காற்றைப் பீய்ச்சியிருந்தேன்.

மேசை ஏன் குதிக்கிறது? நிலை உராய்வு இயக்க உராய்வைவிட மிகுந்திருந்தால், கைச்சக்கரத்தைச் சிறிது திருப்பும்போது மேசை அசையாது. திருகில் விசை ஏறிக்கொண்டே போகும். பிறகு மேசை சட்டென்று நழுவி முன்னே போய் நிற்கும். வயலின் வில் தந்தியில் செய்வதும் இதுவேதான். அங்கே இசை பிறக்கிறது. இங்கே என் மூடி கெடுகிறது.

சுழலும் தண்டை எண்ணெய்ப் படலமே தாங்குகிறது என்பதை 1883-இல் பீச்சம் டவர் என்ற ஆங்கிலப் பொறியாளர் சோதனையில் கண்டார். தாங்கியில் இட்ட துளையை அவர் அடைத்தபோது, எண்ணெயின் அழுத்தம் அடைப்பானை வெளியே தள்ளிவிட்டது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதம் தந்தார். ஆனால் அத்தகைய படலம் உருவாக வேகம் வேண்டும். நம் மேசையோ நத்தையாய் ஊர்கிறது. ஆகவே தடத்திற்கென்றே செய்த எண்ணெய் தேவைப்படுகிறது. அது உலோகத்தை விட்டு எளிதில் வழிந்தோடாது. நிலை உராய்வையும் தாழ்த்தும். பொதுவாக வழங்குவது 68 என்ற எண்ணுடையது. 40 டிகிரி செல்சியஸில் அதன் பாகுமை ஏறத்தாழ 68 சென்டிஸ்டோக்ஸ் என்பதே அவ்வெண்ணின் பொருள். கைக்குக் கிடைத்த மோட்டார் எண்ணெயை ஊற்றுவது சிக்கனமன்று.

துடைத்த பிறகே எண்ணெய் இடவேண்டும். வார்ப்பிரும்புத் தூளின்மேல் எண்ணெய் விட்டால் அது தடத்தை அரைக்கும் பசையாகிவிடும். முதலில் மின்சாரத்தை நிறுத்தி, கட்டரைக் கழற்றிவிடுங்கள். நின்றிருக்கும் கட்டரும் கையைக் கிழிக்கும். சீவலைப் பிரஷால் தள்ளுங்கள், கையால் வேண்டாம். மேசையின் நீண்ட பள்ளங்களில் ஒளிந்திருப்பதைக் கொக்கியால் இழுத்தெடுங்கள். கட்டரைத் தாங்கும் கூம்புத் துளையை மறவாதீர்கள்: அங்கே ஒரு தூள் ஒட்டியிருந்தாலும் கட்டர் கோணலாகச் சுழலும். எண்ணெய் இட்டபின் மேசையை இருபுறமும் முழுநீளம் ஓட்டுங்கள். எண்ணெய் தானே பரவாது. எல்லாம் கால்மணி நேர வேலை.

“ஆராய்ச்சி நேரம் அரியது, இதற்கென்று ஆள் இருக்கிறாரே” என்பர் நண்பர்கள். ஆள் இருக்கிறார். சுவரில் தொங்கும் அட்டையில் எல்லாக் கட்டங்களிலும் அவர் கையெழுத்தும் இருக்கிறது. ஆனால் எண்ணெய்க் குடுவையில் எண்ணெய் இல்லை. இருமுறை கேட்டும் வாங்கித் தரவில்லை என்றார். நான் என்ன உலோகத்தை வெட்டினேன், எங்கே காற்றடித்தேன் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? இருந்தும், என் மூடி கெட்டதற்கு முதலில் வசவு வாங்கியவர் அவர்தான். நான் அருகில் நின்றேன்; வாய் திறக்கவில்லை. மறுநாள்தான் போய் உண்மையைச் சொன்னேன். அந்த ஒருநாள் மௌனம் இன்றும் உறுத்துகிறது.

நம் ஊரில் ஆயுத பூஜை, இங்கே செப்டம்பர் 17-இல் விசுவகர்மா பூஜை. அன்று இயந்திரத்துக்கு மாலை சூட்ட நம்மிடையே போட்டி. மறுநாள் அந்த மாலையை எடுத்துப்போடவும் அதே உதவியாளர்தான் வரவேண்டியிருக்கிறது!

பதிவேட்டில் ஒரு மணி நேரம் கேட்பவர் 45 நிமிடமே வெட்டட்டும். மீதி 15 நிமிடம் துடைக்கட்டும். சரியாகத் துடைத்தாரா என்று கையெழுத்திடவேண்டியவர் அடுத்து வரும் மாணவர், உதவியாளர் அல்லர். பேராசிரியர் வெட்டினாலும் இதே விதிதான். பணிமனைக் குழுவிடம் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். உடன் கையெழுத்திட விரும்புவோர் என் அறைக்கு வரலாம். படி விழுந்த அந்த மூடி மேசைமேல்தான் இருக்கிறது, பார்த்துவிட்டே கையெழுத்திடலாம்.