பயம் வேலை வாங்காது

"வேலை போயிடும்னு பயம் இருந்தால்தான் ஆள் ஒழுங்காக வேலை செய்வான். நிரந்தரம் ஆக்கினால் மெத்தனம் வந்துவிடும்." லேபர் கான்ட்ராக்டர் முதல் பெரிய கம்பெனி எச்.ஆர். வரை இதைச் சொல்கிறார்கள். அரசு அலுவலகங்களில் மனுவோடு அலைந்து நொந்தவர்களும் தலையாட்டுகிறார்கள். அவர்கள் கசப்பில் நியாயம் உண்டு. அதை வைத்து எடுக்கும் முடிவுதான் தவறு.

பயந்த தொழிலாளி பிரஸ் மெஷினில் சென்சார் வேலை செய்யவில்லை என்று சொல்ல மாட்டார். சொன்னால் லைன் நிற்கும், சூப்பர்வைசர் கண்ணில் படுவோம், அடுத்த மாதம் கேட் பாஸ் கிடைக்காது என்று வாயை மூடிக்கொள்வார். யாருக்காவது விரல் நசுங்கும்போதுதான் பழுது வெளியே வரும். காய்ச்சலோடு ஷிப்டுக்கு வருவார். மேலிருந்து பார்ப்பவருக்கு இதெல்லாம் சுறுசுறுப்பாகத் தெரிகிறது.

"வேலை போனவருக்குக் கஷ்டம் சரி, வேலையில் இருப்பவருக்கு என்ன குறை?" என்பது அடுத்த வாதம். இதற்கு லண்டனிலிருந்து பதில் உண்டு. அங்கே 1985-ல் தொடங்கிய இரண்டாவது வைட்ஹால் ஆய்வு, பத்தாயிரத்துக்கும் அதிகமான அரசு ஊழியர்களின் உடல்நிலையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பதிவு செய்தது. இடையில் ஒரு துறையைத் தனியாருக்கு விற்கும் முடிவு வந்தது. விற்பனைக்கு முன்பே, ஒருவருக்கும் வேலை போகாத நிலையிலேயே, அந்தத் துறையினரின் உடல்நலம் மற்ற துறையினரைவிட மோசமானது. 1995-ல் இது வெளியானது. அவர்களுக்குச் சம்பளம் நிற்கவில்லை, நாற்காலி பறிபோகவில்லை. காத்திருந்ததே உடம்பைக் கெடுத்தது. வேலை போனால் அடுத்ததைத் தேடலாம். போகுமா போகாதா என்று இழுபறியில் இருப்பவர் வீட்டுக்கடன் வாங்குவதா, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று எதையும் தீர்மானிக்க முடியாது.

ஒப்பந்த வேலை நிரந்தரத்துக்கு முதல் படி என்கிறார்கள். 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து பணிபுரிந்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981-லேயே சட்டம் வந்துவிட்டது. அந்தக் கணக்கு நிரம்புவதற்குள் "பிரேக்" கொடுப்பதும், கான்ட்ராக்டர் பெயரை மாற்றிக் காட்டுவதும் தொழிற்பேட்டைகளில் எல்லோருக்கும் தெரிந்த வழிகள். ஆளும் மாறவில்லை, மெஷினும் மாறவில்லை. நாள் கணக்கு மட்டும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது.

கடைசியாக, "டென்மார்க்கில் ஆளை எளிதாக நீக்கலாமே" என்பார்கள். உண்மைதான். ஆனால் வேலையின்மைக் காப்பீட்டு நிதியில் சேர்ந்த தொழிலாளிக்கு அங்கே இரண்டு ஆண்டுகள் வரை உதவித்தொகை உண்டு. ஒரு உச்சவரம்புக்குள், பழைய சம்பளத்தில் 90 சதவீதம் வரை. இங்கே வேலை இழந்தவருக்கான இஎஸ்ஐ திட்டம் ஒன்று கொடுப்பது 90 நாள் வரை பாதிச் சம்பளம். அதுவும், 2017-ல் அமலுக்கு வந்த 21,000 ரூபாய் வரம்புக்குமேல் வாங்குகிறவர் இஎஸ்ஐக்குள்ளேயே வரமாட்டார், ஐ.டி. ஊழியர்களில் பெரும்பாலானோர் வெளியேதான் நிற்கிறார்கள். ஆளை நீக்கும் உரிமையை மட்டும் டென்மார்க்கிலிருந்து கேட்பவர்கள், அந்த இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துக் கேட்கட்டும்.