வீரிய ஒட்டு நெல்லை மறு விதைப்புச் செய்யும் காலம் வருமா?

வீரிய ஒட்டு நெல் பயிரிடும் விவசாயி ஒவ்வொரு பருவத்திலும் புது விதை வாங்க வேண்டியுள்ளது. விளைந்த நெல்லையே எடுத்து விதைத்தால் பயிர் ஒரே சீராக வருவதில்லை. நெட்டையும் குட்டையுமாய் வளர்ந்து, முன்னும் பின்னுமாய்க் கதிர் விட்டு, மகசூல் இறங்கிவிடுகிறது. விதை கட்டும்போது தாய், தந்தைக் குணங்கள் கலைந்து பிரிந்துவிடுவதே காரணம்.

ஆனால் எல்லாச் செடிகளும் இவ்விதம் விதை கட்டுவதில்லை. கொங்குப் பகுதிக் கொறங்காடுகளில் மாடுகள் மேயும் கொழுக்கட்டைப் புல், பெரும்பாலும் கருவுறாமலேயே விதை கட்டுகிறது. அதில் முளைக்கும் புல் அச்சு அசலாகத் தாயைப் போலவே இருக்கும். எலுமிச்சை விதை ஒன்றில் இரண்டு மூன்று கன்றுகள் முளைப்பதும் இத்தகையதே. அவற்றில் பல, தாய் மரத்தின் திசுவிலிருந்தே உருவானவை.

இந்தக் குணத்தை நெல்லுக்கும் ஏற்ற முடியும் என்று 2019-இல் தெரிந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக டேவிஸ் வளாகத்தில் இம்தியாஸ் காண்டே, வெங்கடேசன் சுந்தரேசன் குழுவினர் இதைச் செய்து காட்டினர். குணங்களைக் கலைக்கும் வேலையில் பங்குள்ள 3 மரபணுக்களை அவர்கள் முடக்கினர். மகரந்தம் வழியாக வந்து கருவைத் தொடங்கி வைக்கும் ஒரு மரபணுவைச் சூல்முட்டையிலேயே இயங்கச் செய்தனர். தாயை ஒத்த விதைகள் கிடைத்தன. அரிசியாகும் பகுதிக்கு மட்டும் மகரந்தம் தேவைப்பட்டது. முதலில் ஒரு பங்கு விதைகளே இவ்வாறு அமைந்தன. 2022-இல் வெளியான ஆய்வில், வீரிய ஒட்டு நெல்லில் 95 சதவீதத்துக்கு மேல் இத்தகைய விதை கிடைத்தது.

இனி கேள்வி, இது யார் கையில் இருக்கும் என்பதுதான். விதையைச் சேமிக்கவும், மறுபடி விதைக்கவும், பரிமாறவும் நம் நாட்டின் 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயிக்கு உரிமை தந்துள்ளது. ஆனால் வீரிய ஒட்டில் அந்த உரிமையால் பயனில்லை; இயற்கையே பூட்டுப் போட்டிருக்கிறது. அந்தப் பூட்டு திறக்கும்போது, காப்புரிமை, ஒப்பந்தம் என்று வேறு பூட்டு வந்தால் விவசாயிக்கு என்ன லாபம்? இத்தாலியின் பெல்லாஜியோவில் 1998-இலேயே விஞ்ஞானிகள் கூடி, இந்நுட்பம் எல்லோருக்கும் எட்ட வேண்டும் என்று அறிக்கை விட்டதும் இதற்காகத்தான்.

எனவே அரசு ஆராய்ச்சி நிலையங்கள் இதில் முனைந்து இறங்க வேண்டும். கோ.ஆர்.எச். 4 போன்ற அரசு வீரிய ஒட்டுகளில் இக்குணத்தை ஏற்றி, சாதாரணச் சான்று விதையைப் போல வழங்க வேண்டும். சட்டம் தந்த உரிமையில் ஒரு வரிகூடக் குறையக் கூடாது. ஒரே அச்சான பயிர் ஊரெங்கும் நின்றால் ஒரு நோயே எல்லாவற்றையும் அழித்துவிடும். ஆகவே பல ரகங்கள் வேண்டும்.

இவ்விதை இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் உள்ளது. வீரிய ஒட்டு விதையை மறுபடி விதைக்கலாம் என்று யாராவது இன்று விற்க வந்தால், விவசாயிகள் நம்பி ஏமாறக் கூடாது. சேமித்து விதைக்க விரும்புவோருக்குச் சாதாரண ரகங்களே ஏற்றவை.