அழகா வேண்டாம்... உள்ளபடி காட்டு!

என் தங்கை மகளுக்குப் போன வருஷம் பெண் குழந்தை பிறந்தது. சுகப் பிரசவம். மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நாலாம் நாள் காலையில் என் தங்கை பேத்தியை மடியில் போட்டுக் கொண்டு, "ஏண்டி, குழந்தை கொஞ்சம் மஞ்சளா தெரியலே?" என்றிருக்கிறாள். "உனக்கு எப்பவும் சந்தேகம்மா!" என்று மகள் சிரித்திருக்கிறாள். சிரித்ததோடு விடவில்லை. புத்தம் புது செல்போனில் பளிச்சென்று ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். "பெரியம்மா, நீங்களே பாருங்க. மஞ்சள் இருக்கா?"

பார்த்தேன். ரோஜாப் பூ மாதிரி இருந்தது குழந்தை! "ஒண்ணும் இல்லேடி, நல்லாத்தான் இருக்கா" என்று நானும் சொல்லிவிட்டேன். நல்ல வேளை, அவள் அதே படத்தை டாக்டருக்கும் அனுப்பினாள். அந்த அம்மா பதிலுக்கு அனுப்பியது ஒரே வரிதான். "போட்டோ வேண்டாம், குழந்தையைத் தூக்கிட்டு வாங்க."

ரத்தப் பரிசோதனையில் மஞ்சள் காமாலை அளவு அதிகம். இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் வைத்திருந்தார்கள். இப்போது குட்டி சௌக்கியம். ஆனால் எனக்கு உறுத்தல் தீரவில்லை. எழுபது வயசு நெருங்கும் பாட்டியின் வெறும் கண்ணுக்குத் தெரிந்தது, அத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய காமிராவுக்கு ஏன் தெரியவில்லை?

தெரியாமல் இல்லை. தெரிந்ததை அது 'சரி' செய்துவிட்டது! அதைத்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

பிரசவ ஆஸ்பத்திரியில் பிறந்த யோசனை

போனிலிருந்து போட்டோ அனுப்பும் வித்தையே ஒரு குழந்தை பிறந்தபோது ஆரம்பித்ததுதான். 1997ஆம் வருஷம் ஜூன் 11ஆம் தேதி. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம், சாந்தா குரூஸ். மனைவி பிரசவ வலியில் இருக்க, பிலிப் கான் என்கிற இன்ஜினீயர் தன் டிஜிட்டல் காமிராவையும் செல்போனையும் லேப்டாப்பையும் ஒன்றாகக் கோர்த்து, பிறந்த மகளின் படத்தை நண்பர்கள், உறவினர் என்று இரண்டாயிரம் பேருக்கு மேல் அனுப்பி வைத்தார்.

2000ஆம் வருஷம் ஜப்பானில் ஷார்ப் கம்பெனியின் காமிரா போன் கடைக்கு வந்தது. அதன் படத்தில் மொத்தம் 1 லட்சத்து 10 ஆயிரம் புள்ளிகள். 2012-ல் நோக்கியாவின் ஒரு போனில் 4 கோடியே 10 லட்சம் புள்ளிகள். 2022-ல் 20 கோடி! கழுத்தில் மாட்டிக் கொள்ளும் காமிராக்கள் என்ன ஆயின? 2010-ல் ஜப்பானியக் கம்பெனிகள் உலகம் முழுக்க 12 கோடி டிஜிட்டல் காமிராக்கள் அனுப்பின. 2023-ல் அது 1 கோடியைக்கூட எட்டவில்லை. டிஜிட்டல் காமிராவை 1975-லேயே தன் கூடத்தில் செய்து பார்த்த கோடக் கம்பெனி, 2012 ஜனவரியில் திவால் மனு போட்டது.

இந்தப் புள்ளிக் கணக்குப் போட்டி ஏறக்குறைய முடிந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். போனின் கனம் சுண்டு விரல் அளவுகூட இல்லை. அதற்குள் எவ்வளவு பெரிய லென்ஸ் வைக்க முடியும்? எவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும்? கண்ணாடியில் முடியாததைக் கம்பெனிகள் கணக்கில் சாதிக்க ஆரம்பித்துவிட்டன. இனி போட்டி படம் பிடிப்பதில் இல்லை, படம் 'சமைப்பதில்'தான்!

உள்ளே நடக்கிற சமையல்

நீங்கள் பட்டனை அமுக்குவது ஒரு தடவை. ஆனால் இன்றைய போன் கண் இமைப்பதற்குள் பல படங்களை எடுத்து, இருட்டை ஒன்றிலிருந்தும் வெளிச்சத்தை இன்னொன்றிலிருந்தும் சேர்த்து ஒரே படமாகத் தருகிறது. ராத்திரியில்கூட ஃபிளாஷ் இல்லாமல் பளிச்சென்று படம் வருவது இதனால்தான். வரவேற்க வேண்டியதுதான்.

அடுத்தது நிறம். குண்டு பல்ப் வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டை மஞ்சளாகத் தெரியும் இல்லையா? காமிரா அந்த மஞ்சளைக் குறைத்து வெள்ளையைக் காட்டும். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் படம் முழுக்க ஒரு மஞ்சள் குழந்தையே நிறைந்திருந்தால்? 'ஓகோ, விளக்குதான் மஞ்சள் போலிருக்கிறது' என்று அதே வேலையை அங்கேயும் செய்துவிடும். போதாக்குறைக்குத் தோலை வழவழப்பாக்கி, ஒரு சுற்று சிவப்பாக்கும் 'பியூட்டி' வசதி வேறு. என் தங்கை மகளின் போனில் அது வாங்கிய நாளிலிருந்தே ஓடிக் கொண்டிருந்தது. அவளுக்கே தெரியாது!

2023 மார்ச்சில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் வைத்து, சாம்சங் போனால் படம் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் படத்தில் வந்து நின்றன! அது நிலாதான் என்று செயற்கை நுண்ணறிவு அடையாளம் கண்டு, விவரங்களைத் துலக்கிக் காட்டுகிறது என்று கம்பெனி விளக்கம் கொடுத்தது. நிலாவுக்குப் பள்ளம் கூடினால் யாருக்கும் நஷ்டமில்லை. நம்ம வீட்டுப் பிள்ளையின் தோலில் ஒரு தடிப்பு குறைந்தால்?

கண்ணைக் காப்பாற்றும் காமிரா

காமிரா போனே ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. அது எத்தனை பெரிய உபகாரம் செய்யும் என்பதற்கு நம் ஊரே சாட்சி. சர்க்கரை நோயாளிகளுக்கு விழித்திரை கெடுவது ஆரம்பத்தில் வெளியே தெரியாது. 2018-ல் வெளியான சென்னை ஆய்வு ஒன்றில், போனோடு பொருத்திய கருவியால் 301 சர்க்கரை நோயாளிகளின் விழித்திரையைப் படம் எடுத்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்த கம்ப்யூட்டர், பாதிப்பு இருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரைச் சரியாகக் கண்டுபிடித்தது. கண் டாக்டர் இல்லாத கிராமத்துக்கு இது எவ்வளவு பெரிய வரம்!

இன்னொன்று, நெஞ்சைத் தொடும் சங்கதி. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் பிரையன் ஷா என்று ஒரு வேதியியல் பேராசிரியர். அவருடைய கைக்குழந்தைக்குக் கண்ணில் புற்றுநோய். பின்னால் பழைய போட்டோக்களைப் புரட்டிப் பார்த்தால், ஃபிளாஷ் போட்டு எடுத்த படங்களில் பாப்பா சிவப்பாக மின்னாமல் வெள்ளையாக மின்னியிருக்கிறது. நோய் தெரிவதற்கு முன்பே அறிகுறி ஆல்பத்தில் இருந்திருக்கிறது! அதை வைத்துப் போனிலேயே இந்த வெள்ளை ஒளியைத் தேடும் ஒரு செயலியை உருவாக்கினார்கள். 2019-ல் வெளியான ஆய்வில், கண் கோளாறு இருந்த 20 குழந்தைகளில் 16 பேரின் பழைய படங்களிலேயே அது அறிகுறியைக் கண்டுபிடித்தது. டாக்டர்கள் நோயைக் கண்டறிந்ததற்குச் சராசரியாக ஒரு வருஷத்துக்கும் முன்னால்!

இதில் ஒரு முரணைக் கவனியுங்கள். சில போன்கள் ஃபிளாஷில் வரும் சிவப்புக் கண்ணைத் தாங்களாகவே கறுப்பாக்கிவிடுகின்றன. ராத்திரிப் படத்துக்கு ஃபிளாஷே வேண்டியதில்லை என்றும் ஆகிவிட்டது. படம் அழகாக ஆக ஆக, அது சொல்ல வந்த சேதி மறைந்து போகிறது.

2014-ல் அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் பச்சிளங்குழந்தையின் காமாலையைப் போன் காமிராவால் மதிப்பிட ஒரு வழி கண்டார்கள். அதற்கு அவர்கள் முதலில் என்ன செய்தார்கள் தெரியுமா? குழந்தையின் உடம்பில் நிறக் கட்டங்கள் அச்சிட்ட ஒரு சின்ன அட்டையை வைத்தார்கள். காமிரா நிறத்தை மாற்றினால் அட்டையின் நிறமும் மாறும், அதை வைத்துத் திருத்திக் கொள்ளலாம். காமிரா சொல்லும் நிறத்தை அவர்கள் அப்படியே எடுத்துக் கொள்ளவில்லை. நாம்தான் எடுத்துக் கொள்கிறோம்!

நம் நிறத்துக்கு என்ன குறைச்சல்?

அந்தக் காலத்துப் பிலிம் ரோல் நினைவிருக்கிறதா? அதைக் கழுவிப் பிரிண்ட் போடும்போது நிறம் சரியா என்று பார்க்க, மேல்நாட்டு லேபுகளில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியின் படத்தைத்தான் அளவுகோலாக வைத்திருந்தார்கள். கறுத்த தோல் சரியாக வராததில் ஆச்சரியம் என்ன! 2021-ல்தான் கூகுள் தன் போன்களில் எல்லா நிறத் தோலும் உள்ளபடி வர வேண்டும் என்று விளம்பரப்படுத்திக் கொண்டு ஒரு மாற்றம் செய்தது. நல்ல ஆரம்பம். ஆனால் நம் கடைகளில் விற்கும் எத்தனையோ போன்கள் இன்னும், கேட்காமலே நம்மை வெளுக்க வைக்கின்றன.

பதினாலு வயசுப் பெண் ஒரு நாளைக்கு இருபது தடவை தன்னைப் போனில் பார்க்கிறாள். பிறகு கண்ணாடி முன்னால் நின்றால், அவளுக்குத் தன் முகமே குறையாகத் தெரியாதா? தங்கள் 'ஃபில்டர்' போட்ட முகம் மாதிரியே ஆக வேண்டும் என்று ஆபரேஷன் கேட்டு ஆட்கள் வருவதாக 2018-லேயே அமெரிக்க டாக்டர்கள் மருத்துவ இதழில் எச்சரித்தார்கள். 2020-ல் கூகுள் தன் புதுப் போன்களில் முகப் பூச்சு வசதியை, நாமாகப் போட்டால்தான் ஓடும்படி செய்தது. நார்வே நாட்டில் 2022 ஜூலை முதல், விளம்பரத்துக்காக உடம்பைத் திருத்திய படம் போட்டால் அப்படித் திருத்தியது என்று சொல்லியே ஆக வேண்டும். சட்டம்!

"அட, அந்தக் காலத்து ஸ்டூடியோக்காரர்கூட நெகடிவ்ல பென்சிலால் டச்சிங் பண்ணலையா?" என்று நீங்கள் கேட்கலாம். பண்ணினார். பெண் பார்க்கிற போட்டோவில் அம்மைத் தழும்பு போன இடம் தெரியாது! ஆனால் அது டச்சிங் செய்த படம் என்று நமக்குத் தெரியும். அதை யாரும் டாக்டரிடம் நீட்டியதும் இல்லை. இன்று கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் ஒரே காமிரா. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

நாம் கேட்க வேண்டியது

வரும் வருஷங்களில் காமிரா இன்னும் கெட்டிக்காரத்தனமாகும். அங்கே இல்லாத ஆளைச் சேர்க்கவும், இருக்கிற ஆளை எடுக்கவும் இன்றைக்கே போனில் வழி இருக்கிறது. கூடவே, படம் எங்கே எப்படி உருவானது, எதைத் திருத்தினார்கள் என்பதைப் படத்தோடு முத்திரையாகப் பதிக்கும் ஏற்பாடும் வந்துவிட்டது. லைக்கா காமிராவில் 2023-லும், கூகுளின் போனில் 2025-லும் அது வந்தது. கம்பெனிகளிடம் நாம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. அழகூட்டும் வசதி தானாக ஓடக் கூடாது. கை வைக்காத ஒரிஜினல் படம் எப்போதும் போனில் இருக்க வேண்டும். 'உள்ளபடி' என்று ஒரு பட்டன், மருத்துவத்துக்காகவே, எல்லா விலைப் போனிலும் வேண்டும். இருபது கோடிப் புள்ளி கொடுத்தவர்களுக்கு ஒரு பட்டன் கொடுக்க முடியாதா என்ன?

அது வரும்வரை நாம் செய்யக் கூடியவை:

* டாக்டருக்குப் படம் எடுக்குமுன் பியூட்டி, ஃபில்டர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். முன் காமிரா வேண்டாம், பின் காமிராவால் எடுங்கள்.

* டியூப் லைட் வெளிச்சம் வேண்டாம். பகலில் ஜன்னல் ஓரமாக எடுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளும் படத்தில் விழட்டும்.

* எட்ட இருந்து ஒன்று, கிட்ட இருந்து ஒன்று எடுங்கள். அளவு தெரிய ஒரு ரூபாய் நாணயம் பக்கத்தில் இருக்கட்டும்.

* வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் தெளிவு குறையாது.

* ஃபிளாஷ் படங்களில் குழந்தையின் ஒரு கண் மட்டும் திரும்பத் திரும்ப வெள்ளையாக மின்னினால், பயந்து அழ வேண்டாம். கோணத்தாலும் அப்படி வரலாம். ஆனால் தள்ளிப் போடாமல் கண் டாக்டரிடம் காட்டுங்கள்.

* பச்சிளங்குழந்தையின் மஞ்சளைப் போட்டோவில் முடிவு செய்யவே செய்யாதீர்கள். நேரே தூக்கிக் கொண்டு போங்கள். மஞ்சள் அளவு மீறினால் மூளையையே பாதிக்கும்.

2020 மார்ச்சில் வந்த மத்திய அரசின் தொலை மருத்துவ வழிகாட்டுதலே, நேரில் பார்க்க வேண்டுமா என்பதை டாக்டரின் முடிவுக்கு விட்டிருக்கிறது. 'நேர்ல வாங்க' என்று அவர் சொன்னால், 'பீஸுக்காகக் கூப்பிடறார்' என்று முணுமுணுக்காதீர்கள். எங்கள் வீட்டுக் குட்டி இன்று சிரித்து விளையாடுகிறாள் என்றால் அந்த ஒரு வரிதான் காரணம். அதற்கும் முந்தி, "மஞ்சளா தெரியலே?" என்று கேட்ட பாட்டி!

போனில் எத்தனை கண் வேண்டுமானாலும் வைக்கட்டும். பாட்டி சொன்னால் ஒரு நிமிஷம் போனைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையைப் பாருங்கள்.