ஈரெழுத்தின் பெறுமதி

கந்தளாய் என்னும் ஊர்ப்பெயரைத் தமிழர் ஒருவாறு எழுதுவர். சிங்களவர் தம் எழுத்தில் வேறொருவாறு எழுதுவர். ஆங்கிலத்தில் அது மூன்றாம் வடிவம் பெறும். பெயர்ப்பலகையில் இம்மூன்றையும் ஒருங்கே காண்பது நமக்குப் புதிதன்று. கண்ணுடையார் கண்டவுடனே இன்ன மொழி என அறிவர். கணினியோ ஊகிக்கலாம், ஊகம் உறுதியாகாது. அதற்கு நாமே சொல்லிவைத்தல் வேண்டும்.

இணையப் பக்கம் எச்.ரி.எம்.எல். என்னும் குறிமொழியால் ஆவது. தலைப்பு, பந்தி, படம், அட்டவணை ஆகியன அதன் மூலகங்கள். ஒரு மூலகம் பற்றிய மேலதிகச் செய்தியை அதன் தொடக்க ஒட்டினுள் எழுதுகிறோம். அதுவே பண்பு எனப்படும். சில பண்புகள் படம் போன்ற ஒரு சிலவற்றிற்கே உரியன. வேறு சில எல்லா மூலகங்களுக்கும் பொதுவானவை.

கந்தளாய்க் குளத்தைப் பற்றி ஒரு பக்கம் ஆக்குவதாகக் கொள்வோம். 1986 ஏப்ரல் 20ஆம் நாள் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட துயர வரலாறு அதில் ஒரு பகுதி. அப்பகுதிக்கு ‘ஐடி’ என்னும் பண்பினால் பெயரிட்டால், இணைப்பொன்றை அழுத்திய அளவில் வாசகர் நேரே அங்குச் சென்றடைவர். அப்பெயர் அடையாள அட்டை இலக்கம் போன்றது. ஒரே பக்கத்தில் இரண்டு மூலகங்களுக்கு அஃது இருத்தலாகாது. ‘கிளாஸ்’ என்பதோ பாடசாலைச் சீருடை போன்றது, பலவற்றிற்கும் பொது. ஆண்டுகள் யாவற்றிற்கும் ஒரே ‘கிளாஸ்’ இட்டால், ஒரே விதியினால் அனைத்தையும் சிவப்பாக்கலாம். ‘டைட்டில்’ என்பது சுட்டியை மேலே வைக்கையில் தோன்றும் சிறு குறிப்பு. கைத்தொலைபேசியில் அது தோன்றாமலே போகக்கூடும். ஆதலால் இன்றியமையாத செய்தியை அதனுள் வைத்தல் தகாது. வலமிருந்து இடமாகச் செல்லும் அரபு வாசகம் இடம்பெறின், அதன் திசையை உரைக்க ‘டிர்’ உண்டு.

இவற்றுள் நம்மவர் பெரிதும் மறப்பது ‘லாங்’ என்னும் மொழிப்பண்பு. 1997 இறுதியில் வெளிவந்த எச்.ரி.எம்.எல். 4.0 இலேயே அது இடம்பெற்றுவிட்டது. தமிழுக்கு ‘ரி, ஏ’, சிங்களத்திற்கு ‘எஸ், ஐ’, ஆங்கிலத்திற்கு ‘ஈ, என்’ என்னும் ஈரெழுத்துக்களே அதன் பெறுமதி. பக்கத்தின் தலையில் ஒருமுறை எழுதினால் உள்ளிருக்கும் மூலகங்கள் யாவும் அதனை ஏற்கும். இடையே பிறமொழிப் பந்தி வரின், அதற்குமட்டும் தனியே எழுதினாற் போதும்.

இதனால் யாருக்குப் பயன்? பார்வையற்றோர் திரைவாசிப்பான் கொண்டு பக்கங்களைச் செவியாற் படிக்கின்றனர். பார்வையற்றவரான அவுஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இத்தகைய மென்பொருள் மொழிப்பண்பை நோக்கிக் குரலைத் தெரிகிறது. மென்பொருள் தானே எழுதித் தந்த ஆங்கில ஈரெழுத்தை மாற்றாது விட்டுத் தமிழ்ப் பக்கம் ஆக்குவோர் பலர். அப்போது ஆங்கிலக் குரல் தமிழைச் சிதைக்கும். எழுத்தெழுத்தாகப் பிரித்துரைத்தலும் உண்டு. எழுதியவருக்குப் பக்கம் அழகாகவே தோன்றும். கேட்பவருக்கோ பொருளற்ற ஒலியே மிஞ்சும்.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வெள்ள எச்சரிக்கையைத் தமிழில் வெளியிட்டால் மட்டும் கடமை முற்றுப்பெறாது; அது தமிழாகவே ஒலித்தல் வேண்டும். மாணவர்களே, நீங்கள் ஆக்கிய பக்கத்தின் முதல் ஒட்டினை இன்றே திறந்து பாருங்கள். அங்கே எந்த ஈரெழுத்து இருக்கிறது?