ஐம்பதிலும் வளையும்!



'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று நம் ஊரில் சர்வ சாதாரணமாகக் கேட்டுவிடுகிறார்கள். வளையும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கல் உடைக்கும் பெண்களும் களையெடுக்கும் பெண்களும் வேலை முடிந்து வந்து சிலேட்டைப் பிடித்தார்கள். சைக்கிளும் ஓட்டக் கற்றார்கள்! பக்கத்துக் கேரளத்தில் ஆலப்புழைக்காரரான கார்த்தியாயினி அம்மா 2018-ல் தமது 96-வது வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 வாங்கினார்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் வகுப்பையே பாருங்கள். ஐ.டி.ஐ. முடித்து, நூற்பாலையிலோ ஒர்க்‌ஷாப்பிலோ சில வருஷம் உழைத்துவிட்டு, லேட்டரல் என்ட்ரியில் நேராக இரண்டாமாண்டு வருகிற அண்ணன்கள் உண்டு. "இந்த வயசுல இவரு படிச்சு என்னத்தக் கிழிக்கப் போறாரு?" என்று பின் பெஞ்சில் ஒரு சிரிப்பு. சிரிக்கும் முன் யோசிப்போம். நாம் முதலாண்டில் படித்த கணக்கும் டிராயிங்கும் அவருக்கு இங்கே கிடைக்கவில்லை. சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறார். வீட்டில் பிள்ளைக்கும் நோட்டு வாங்க வேண்டும்.

அப்படி வருகிறவர் கடையையே வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து. ஒரு லாங் சைஸ் நோட்டு, இரண்டு பேனா, எச்.பி., 2எச் பென்சில்கள், ஒரு கால்குலேட்டர்: ஆரம்பத்திற்கு இது போதும். ரெக்கார்டு நோட்டைக் கேட்கும்போது வாங்கிக்கொள்ளலாம்.

பொருளைவிட முக்கியம், குறிப்பெடுக்கும் முறை. போர்டில் உள்ளதை அப்படியே எழுதுவதும், செல்போனில் போட்டோ எடுப்பதும் கைக்கு வேலை, மூளைக்கு லீவு! அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்ற பேராசிரியர் ஒரு சுலபமான வழி சொன்னார். பக்கத்தின் இடப்புறம் இரண்டரை அங்குலம் விட்டுக் கோடு போடுங்கள். வலப்புறம் வகுப்பில் கேட்டதைச் சுருக்கமாக எழுதுங்கள். அன்று இரவே இடப்புறம் அதற்கான கேள்வியை எழுதுங்கள். அடியில் இரண்டு வரியில் சாரம். பிறகு வலப்புறத்தை மூடிக்கொண்டு, கேள்விக்கு வாய்விட்டுப் பதில் சொல்லிப் பாருங்கள்.

கேள்வியைத் தமிழிலேயே எழுதலாம், தப்பில்லை. பெல்ட் டிரைவ் பாடத்தில் 'பெல்ட் ஏன் வழுக்குது?' என்று எழுதினால், மில்லில் வேலை பார்த்தவருக்கு லூசான பெல்ட் கண்முன் நிற்கும். நமக்கு அது வெறும் சூத்திரம், அவருக்கு அனுபவம். அவர் நோட்டு நமக்கும் உதவும்!

எனவே நம் மாணவர் சங்கத்திற்கு இரண்டு கோரிக்கைகள். ஒன்று: இறுதியாண்டு முடித்துப் போகிறவர்களிடம் மினி டிராஃப்டர், கிளார்க்ஸ் டேபிள், முதலாண்டு நோட்டுகளைக் கேட்டு வாங்கி, ஒரு பீரோவில் வைத்து, தேவைப்படுகிறவர்களுக்கு இரவல் தர வேண்டும். இரண்டு: இரண்டாமாண்டு தொடங்கிய முதல் மாதம், சாயங்காலம் ஒரு மணி நேரம் நாமே உட்கார்ந்து அவர்களுக்கு முதலாண்டு டிராயிங்கும் கணக்கும் சொல்லித்தர வேண்டும். பதிலுக்கு ஒர்க்‌ஷாப்பில் ஃபைல் பிடிக்க அவர்கள் நமக்குச் சொல்லித்தரட்டும்!

இதற்குப் பெரிய நிதி வேண்டாம், மனசு வேண்டும். மலையேற வருகிறவரிடம் யாரும் வயசு கேட்பதில்லை. படியேற வருகிறவரிடம் மட்டும் நாம் ஏன் கேட்க வேண்டும்? சிந்திப்பீர்!