ஏழை சொல் ஸ்டேஷன் ஏறுமா?

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அம்பலம் போய்ப் போலீஸ் ஸ்டேஷன் வந்த பிறகும் அந்தப் பழமொழிக்கு வேலை இருக்கிறது என்பதை அண்மையில் நேரிலேயே கண்டோம்.

நம் டிவிஷனில் பால் வெட்டும் தோழர் ஒருவரின் மோட்டார் சைக்கிள், லயத்து வாசலிலிருந்து இரவோடிரவாகத் திருட்டுப் போயிற்று. தவணைப் பணம் இன்னும் கட்டி முடியவில்லை. அன்று வேலையை விட்டுவிட்டு அருகிலுள்ள ஸ்டேஷனுக்குப் போனார். பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் சென்று, "உன் தோட்டம் எங்கள் எல்லையில் இல்லை, அடுத்த ஸ்டேஷனுக்குப் போ" என்றார்கள். மறுநாள் அங்கே போனால், "எழுதுகிறவர் வெளியே போயிருக்கிறார், நாளைக்கு வா" என்றார்கள். வண்டியும் போய், இரண்டு நாள் சம்பளமும் போய், புகார் மட்டும் எழுதப்படாமலே நின்றது.

மூன்றாம் நாள் கிராணியாகிய நாமும் உடன் சென்றோம். முதலில் போன அதே ஸ்டேஷனுக்குத்தான். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, வாயில் கொஞ்சம் ஆபீஸ் மலாய். உடனே நாற்காலி வந்தது. எல்லையைப் பற்றி யாரும் பேசவில்லை. கால் மணி நேரத்தில் ரிப்போர்ட் தயாராயிற்று. படித்துக் காட்டும்படி கேட்டோம். பார்த்தால், வண்டி திருட்டுப் போன தேதியாக அன்றைய தேதியே அடிக்கப்பட்டிருந்தது! சொன்னதும் அந்த இளம் போலீஸ்காரர் முகம் கோணாமல் திருத்திக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். ஒரு பக்கம் டெலிபோன் மணி, மறுபக்கம் காத்திருக்கும் கூட்டம். அவரும் சம்பளத்துக்கு உழைப்பவர்தான்.

ஆனால் தோழர்களே, திருட்டும் அதே திருட்டு, மனிதரும் அதே மனிதர். கிராணி வந்ததும் சட்டம் கண் திறக்கிறது என்றால், கிராணி இல்லாதவன் எங்கே போவான்?

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒவ்வொரு லயத்திலும் தெரிந்திருக்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவின்படி, வாய்மொழியாகச் சொல்லும் புகாரைப் போலீசார் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதியதைச் சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். மலேசியாவில் எங்கே நடந்த குற்றமானாலும் புகாரை ஏற்றுக்கொள்வது போலீசாரின் கடமை. திருட்டுப் போன்ற குற்றமானால், புகார் கொடுத்து 4 வாரம் கழிந்தபின் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். கேட்ட 2 வாரத்துக்குள் பதில் வர வேண்டும். வராவிட்டால் அரசாங்கப் பிராசிகியூட்டரிடம் முறையிடலாம். புகார் கொடுக்கக் கட்டணம் எதுவும் கிடையாது.

போலீஸ் படையைச் சீர்திருத்த 2004இல் அரச விசாரணைக் கமிஷன் அமைந்தது. 2005இல் அது 125 பரிந்துரைகளைத் தந்தது. போலீசாரின் நடத்தை பற்றிய முறையீடுகளைக் கேட்கும் சுயேச்சை ஆணையம் 2023 ஜூலை முதல் தேதிதான் இயங்கத் தொடங்கியது. இத்தனை ஆண்டுக் கதையில், பெஞ்சில் காத்திருக்கும் பால்வெட்டுத் தொழிலாளிக்கு வந்து சேர்ந்தது எவ்வளவு? கமிஷன்களின் பெருமை கோலாலம்பூரில் இருக்கலாம். அவற்றின் பலன் புகார் எழுதும் மேசையில் தெரிய வேண்டும் என்கிறோம்.

நம் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்கக் கூடாது. எந்தக் காரியமானாலும் மண்டோரிடம் சொல், கிராணியிடம் சொல், துரையிடம் சொல் என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கி வைத்தோம். தொழிலாளிக்காக நாமே பேசிப் பேசி, அவர் பேசும் வழக்கத்தையே மறக்கடித்துவிட்டோமோ என்று அன்று ஸ்டேஷன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது மனம் உறுத்தியது. அந்த நாற்காலி தோழருக்கு வர வேண்டியது.

ஆகவே நம் யோசனை இது. ஸ்டேஷனுக்குப் போகும் எந்த உறுப்பினரோடும் தோட்டக் கமிட்டியிலிருந்து ஒருவர் துணை போகட்டும். பேசுகிறவர் உறுப்பினராகவே இருக்கட்டும். துணை போனவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம். ரிப்போர்ட் நம்பரைக் குறித்துக்கொள்ளாமல் வெளியே வர வேண்டாம். திருப்பி அனுப்பினால் நாள், நேரம், அனுப்பியவரின் சட்டையிலுள்ள பெயர் ஆகியவற்றை எழுதிச் சங்கத்திடம் கொடுங்கள். பத்துப் பேர் எழுதினால் மேலிடம் அதைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

வண்டி இன்னும் கிடைக்கவில்லை. 4 வாரம் முடிந்ததும், விசாரணை என்ன ஆயிற்று என்று கேட்க அந்தத் தோழர் தனியாகவே போவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று அவருக்கு நாற்காலி கிடைக்கிறதா என்று பார்ப்போம்.